வீசியிடம் (துணிகர முதலீட்டாளரிடம்) போவதற்கு முன்: அவர்களின் கணக்கையும் காலத்தையும் படிப்பது எப்படி

கொழும்பில் முதல் தடவையாக வெளி முதலீடு தேடும் ஸ்தாபகர்கள் பெரும்பாலும் பிட்ச் டெக் எனப்படும் விளக்கப் படத்தொகுப்பைத் திருத்துவதிலேயே மாதக்கணக்கைச் செலவிடுகிறார்கள். எதிரே உட்காரப்போகிறவரின் பணம் யாருடையது, அதை எந்த ஆண்டுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் எதிலிருந்து வருகிறது என்ற மூன்றையும் விசாரிப்பதில்லை. பதில் போடாமல் இழுப்பது, நன்றாக ஓடும் கம்பனியை வேண்டாமென்பது, சில ஆண்டுகள் கழித்துத் திடீரென்று விற்கச் சொல்வது என்று முதலீட்டாளர் செய்யும் பல காரியங்களுக்கு விடை அந்த மூன்றிலும்தான் இருக்கிறது. அவற்றை முதற் கூட்டத்துக்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை வைத்து என்ன செய்வது என்பதே இந்த வழிகாட்டி.

பணம் அவர்களுடையது அல்ல

வீசி என்று நாம் சொல்லும் துணிகர முதலீட்டு நிறுவனம் தன் சொந்தப் பணத்தைப் போடுவது மிகக் குறைவு. ஓய்வூதிய நிதிகள், அபிவிருத்தி வங்கிகள், பெரிய கம்பனிகள், வசதியான குடும்பங்கள் போன்றோர் தருவதாக ஒப்புக்கொண்ட தொகையைச் சேர்த்து அது ஒரு நிதியத்தை நடத்துகிறது. பணம் தருவோரை எல்பி என்றும், நடத்துவோரை ஜீபி என்றும் சொல்வார்கள். நடத்துவோரின் சொந்தப் பங்கு வழக்கமாக 1 முதல் 2 சதவீதம்.

நிதியத்துக்கு ஆயுள் உண்டு. வழமையாக 10 ஆண்டுகள். எல்பிக்கள் சம்மதித்தால் ஓர் ஆண்டு வீதம் இரண்டு தடவை நீட்டலாம். புதிய கம்பனிகளில் பணம் போடுவது முதல் 3 முதல் 5 ஆண்டுகளுக்குள்தான். அதற்குப் பிறகு ஏற்கனவே வாங்கியவற்றுக்கு மேலதிகமாகப் போடலாம், மீதிக் காலம் விற்றுப் பணமாக்குவதற்கு. பத்து வருடக் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் எட்டாம் வருடம் யாரும் தென்னம்பிள்ளை நட மாட்டார்கள். ஆகவே உங்கள் முதற் கேள்வி, “உங்கள் நிதியம் எந்த ஆண்டு தொடங்கியது?” என்பதாக இருக்கட்டும். அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. தொழில் தெரிந்த எந்த முதலீட்டாளரும் அதற்கு நேராகப் பதில் சொல்வார்.

நடத்துவோருக்கு இரண்டு வருமானங்கள். ஒன்று, நிதியத்தின் அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீத நிர்வாகக் கட்டணம். முதலிடும் காலம் முடிந்த பின் இது பல நிதியங்களில் குறையும். மற்றது கேரி எனப்படும் இலாபப் பங்கு, வழக்கமாக 20 சதவீதம். பல ஒப்பந்தங்களில் எல்பிக்களுக்கு ஆண்டுக்கு 8 சதவீத வருவாய் சேர்ந்த பின்னரே கேரி கிடைக்கும். கட்டணத்தில் அலுவலகம் ஓடும். அவர்கள் பணக்காரர் ஆவது கேரியில். அந்தக் கேரி வர வேண்டுமானால் சாதாரண வெற்றிகள் போதாது, ஏன் போதாது என்பதை எண்களில் பார்ப்போம்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

30 மில்லியன் டொலர் நிதியம் ஒன்றை எடுங்கள். கட்டணம் குறையாமல் ஓடினால் ஆண்டுக்கு 6 இலட்சம் டொலர் வீதம் பத்து ஆண்டுகளில் 6 மில்லியன். முதலிட மிஞ்சுவது 24 மில்லியன். பல நிதியங்கள் இதில் ஏறத்தாழப் பாதியை அதே கம்பனிகளின் அடுத்த முதலீட்டுச் சுற்றுகளுக்கென்று ஒதுக்கி வைக்கும். எஞ்சும் 12 மில்லியனை 20 கம்பனிகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 6 இலட்சம் டொலர். அதுதான் அந்த நிதியத்தின் முதற் காசோலை. நீங்கள் 50 ஆயிரம் டொலர் கேட்டாலும் பொருந்தாது, 3 மில்லியன் கேட்டாலும் பொருந்தாது. உங்கள் கம்பனியில் குறை இருந்துதான் மறுத்தார்கள் என்று நினைத்துக் கவலைப்படுகிற பலர், உண்மையில் அளவு பொருந்தாத இடத்தில் கதவைத் தட்டியவர்கள்.

அடுத்தது வெளியேறும் கணக்கு. எல்பிக்கள் தங்கள் பணம் மூன்று மடங்காகத் திரும்ப வேண்டுமென்று எதிர்பார்ப்பார்கள் என்று வைப்போம். 20 கம்பனிகளும் அளவாக வளர்ந்து அந்தத் தொகையைத் தருவது நடைமுறையில் நடப்பதில்லை. 2004 முதல் 2013 வரை அமெரிக்காவில் நடந்த 21 ஆயிரத்துக்கு மேற்பட்ட முதலீட்டுச் சுற்றுகளை கொரலேஷன் வென்ச்சர்ஸ் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 65 சதவீதம் போட்ட பணத்தைக்கூட முழுதாகத் திருப்பவில்லை. 10 மடங்கோ அதற்கு மேலோ தந்தவை ஏறத்தாழ 4 சதவீதம். எனவே ஒவ்வொரு முதலீட்டிலும் அவர்கள் தங்களையே கேட்பது, “இந்த ஒரே கம்பனி எங்கள் முழு நிதியத்தையும் திருப்பித் தருமா?” என்பது.

உங்களிடம் 15 சதவீதம் வாங்கினார்கள் என்று வையுங்கள். பின்னர் இரண்டு சுற்றுகளில் புதியவர்களுக்குப் பங்கு வழங்குவதால் ஒவ்வொன்றிலும் அந்தப் பங்கில் 20 சதவீதம் கரைந்தால் கையில் 9.6 சதவீதம். அதிலிருந்து 30 மில்லியன் வர வேண்டுமானால் கம்பனி ஏறத்தாழ 312 மில்லியன் டொலருக்கு விலைபோக வேண்டும். இப்போது மறுபக்கம் பாருங்கள். அதே கம்பனியை 20 மில்லியன் டொலருக்கு விற்றால் ஸ்தாபகரின் குடும்பத்துக்கு அது மூன்று தலைமுறைக்குக் காணும். நிதியத்துக்கு வருவது 1.92 மில்லியன், அதாவது தன் அளவில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரே விற்பனை உங்கள் வாழ்க்கையை மாற்றும், அவர்களின் கணக்கில் ஒரு வரியையும் மாற்றாது. இலாபம் ஈட்டிக்கொண்டு நிதானமாக வளரும் ஒரு மென்பொருள் சேவைக் கம்பனியை வீசிக்கள் தட்டிக்கழிப்பதற்கும், “இன்னும் வேகமாக ஆள் சேருங்கள், அடுத்த நாட்டுக்குப் போங்கள்” என்று நெருக்குவதற்கும் இதுவே காரணம்.

இந்தக் கணக்கை உங்கள் எண்களை வைத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இலங்கைச் சந்தையை மட்டும் வைத்து அந்த விலை எட்டாது என்று தெரிந்தால் வீசியை விட்டுவிட்டு வங்கிக் கடன், ஏஞ்சல் முதலீடு (தனிநபர் தன் சொந்தப் பணத்தைப் போடுவது), வாடிக்கையாளரின் முற்பணம் ஆகியவற்றைப் பார்ப்பது நல்லது. அது தோல்வி அல்ல. கொழும்பில் நன்றாக நடக்கும் பெரும்பாலான தொழில்களுக்கு வீசிப் பணம் பொருந்தாத பணம் என்பதே எங்கள் கருத்து.

காலத்தையும் அளந்து பாருங்கள். இலங்கையில் உருவான மென்பொருள் கம்பனி டபிள்யூஎஸ்ஓ2 தொடங்கியது 2005இல். சுவீடனின் முதலீட்டு நிறுவனம் ஈகியூடி அதை வாங்குவதாக அறிவித்தது 2024இல், விலை 600 மில்லியன் டொலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன. 19 ஆண்டுகள். பத்து ஆண்டு நிதியம் ஒன்று தொடக்கத்திலேயே நுழைந்து அந்த முடிவு வரை அப்படியே காத்திருக்க முடியாது, இடையில் தன் பங்கை வேறு யாருக்காவது கைமாற்ற வேண்டியிருக்கும். 2015இல் சேவையைத் தொடங்கிய வாடகை வாகனச் செயலி பிக்மீ, 2024இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதற்கும் ஒன்பது ஆண்டுகள் சென்றன. நம் ஊரில் வெளியேறும் வாசல்கள் குறைவு, திறக்க நாளெடுக்கும். ஆகவே ஏழாம் ஆண்டில் இருக்கும் நிதியம் ஒன்றிடமிருந்து முதற் சுற்றுப் பணம் வாங்குவது இரு தரப்புக்கும் பின்னர் வலியாகும்.

டொலரில் எண்ணுகிறவரிடம்

நிதியம் டொலரில் திரட்டப்பட்டிருந்தால் உங்கள் வளர்ச்சியும் டொலரில்தான் அளக்கப்படும். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபாவுக்கு அண்மையில் இருந்தது, சில வாரங்களில் 360ஐத் தொட்டது. அந்த இடைவெளியில் ஒரு கம்பனி தன் ஆண்டு வருமானத்தை 10 கோடி ரூபாவிலிருந்து 20 கோடியாக இரட்டிப்பாக்கியிருந்தாலும், டொலரில் அது 5 இலட்சத்திலிருந்து 5 இலட்சத்து 55 ஆயிரம். 100 சதவீத வளர்ச்சி முதலீட்டாளரின் ஏட்டில் 11 சதவீதமாகிவிட்டது. எனவே டெக்கில் இரண்டு நிரல்களையும் போடுங்கள்: ரூபா எண், அந்த மாதத்துச் சராசரி மாற்று வீதத்தில் டொலர் எண். வருமானத்தில் எத்தனை சதவீதம் வெளிநாட்டு நாணயத்தில் வருகிறது என்பதையும் தனியாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டு நீங்கள் தேடுவதை விட, நீங்களே வைப்பது நம்பிக்கை தரும்.

அறைக்குள் யார் கையில் முடிவு

உங்கள் மின்னஞ்சலுக்கு முதலில் பதில் போடுகிறவர் பெரும்பாலும் அசோசியேட், அதாவது இளநிலை அலுவலர். அவரால் “இல்லை” என்று சொல்ல முடியும், “ஆம்” என்று சொல்ல முடியாது. “ஆம்” சொல்வது முதலீட்டுக் குழு, அதாவது நிறுவனத்தை நடத்தும் பார்ட்னர்கள் கூடும் கூட்டம். பல நிறுவனங்களில் அது திங்கட்கிழமை நடக்கும். சில இடங்களில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், சில இடங்களில் ஒருவர் உறுதியாக நின்றால் போதும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. எல்லோரும் சம்மதிக்க வேண்டிய இடத்தில் யாருக்கும் பயம் தராத கம்பனி தேறும். ஒருவர் நின்றால் போதும் என்ற இடத்தில் ஒருவருக்கு மிகப் பிடித்த, மற்றவர்களுக்குப் புரியாத கம்பனியும் தேறும்.

மேலே பார்த்த நிதியத்தில் நான்கு ஆண்டுகளில் 20 கம்பனிகள் என்றால் ஆண்டுக்கு ஐந்து. மூன்று பார்ட்னர்கள் இருந்தால் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஒரு பார்ட்னர் உங்களைக் குழுவுக்குக் கொண்டுபோகிறார் என்றால், அந்த ஆண்டில் தனக்குள்ள இரண்டு வாய்ப்புகளில் ஒன்றை உங்களுக்காகச் செலவிடுகிறார், தோற்றால் அவர் பெயரும் சேர்ந்து போகும். அதனால்தான் தனிப்பட்ட சந்திப்பில் அவ்வளவு உற்சாகமாக இருந்தவர் பின்னர் தயங்குவார்.

அவருக்கு உதவ நீங்கள் செய்யக்கூடியது: நீங்கள் இல்லாத அந்த அறையில் அவர் கையில் வைத்திருக்க இரண்டு பக்கக் குறிப்பொன்றை எழுதிக் கொடுங்கள். கடந்த 12 மாத வருமானம், மாதச் செலவு, எத்தனை மாதங்களுக்குப் பணம் இருக்கிறது, பெரிய மூன்று வாடிக்கையாளர்களின் பங்கு, விலகிய வாடிக்கையாளர் எத்தனை பேர், இந்தப் பணம் எந்த எண்ணை எங்கிருந்து எங்கே கொண்டுபோகும் என்பன அதில் இருக்கட்டும். கடைசியாக, மற்றப் பார்ட்னர்கள் எழுப்பக்கூடிய மூன்று ஆட்சேபனைகளும் அவற்றுக்கான பதில்களும். ஆட்சேபனைகளை மறைத்த குறிப்பு குழுவில் முதற் கேள்வியிலேயே விழும்.

“தொடர்பில் இருங்கள்”

வீசி வெளிப்படையாக மறுப்பது அபூர்வம். மறுத்தால் கதவு மூடும். மறுக்காமல் இருந்தால் ஆறு மாதத்தில் நீங்கள் நன்றாக வந்தால் திரும்ப நுழையலாம், அதற்கு அவர்களுக்குச் செலவில்லை. “கொஞ்சம் சீக்கிரமாக இருக்கிறது”, “லீட் (சுற்றைத் தலைமை தாங்கும் முதலீட்டாளர்) ஒருவர் வந்தால் நாங்களும் சேருவோம்” போன்றவற்றை, திகதி இல்லாவிட்டால், மறுப்பாகவே எடுத்து அடுத்தவரிடம் போங்கள். ஆனால் விடைபெறுமுன் ஒன்று கேளுங்கள்: “எந்த எண் எந்த அளவுக்கு வந்தால் இதைக் குழுவுக்குக் கொண்டுபோவீர்கள்?” குறிப்பான எண்ணொன்று வந்தால் அந்தக் கதவு நிஜமாகத் திறந்திருக்கிறது.

லீட் பற்றிய தயக்கத்துக்கும் உள்காரணம் உண்டு. ஒரு நிறுவனம் ஒரு நிதியம் முடியும்வரை காத்திராமல், ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடுத்த நிதியத்துக்குப் பணம் திரட்டும். அப்போது முந்திய நிதியத்திலிருந்து உண்மையான பணம் திரும்பியிராது. காட்டுவதற்கு இருப்பது ஏட்டுப் பெறுமதி மட்டும். பெயர் பெற்ற ஒருவர் உயர்ந்த விலையில் அடுத்த சுற்றைத் தலைமை தாங்கினால் அந்தப் பெறுமதி ஏறும். இதனால் விளைவன இரண்டு. பணம் போட்டு 18 மாதம் ஆகுமுன்னே அடுத்த சுற்றுக்குப் போகச் சொல்லி நெருக்குவார்கள், அது உங்கள் தேவையா அவர்கள் தேவையா என்று பிரித்துப் பாருங்கள். அத்தோடு, புதிய நிதியம் திரட்டும் மாதங்களில் பலரைச் சந்திப்பார்கள், போடப் பணம் இராது. “இந்த நிதியத்தில் இன்னும் எத்தனை புதுக் கம்பனிகளுக்கு இடமிருக்கிறது? கடைசியாக எப்போது புதிதாக ஒன்றில் போட்டீர்கள்?” என்று கேட்டால் தெளிவாகிவிடும்.

எல்பி யார் என்பதும் உங்கள் விடயம்

அபிவிருத்தி வங்கிகள் பின்னாலிருந்தால் சுற்றாடல், தொழிலாளர், ஆட்சிமுறை அறிக்கைகள் கேட்பார்கள். சில துறைகளில் முதலிடவே தடை இருக்கும். பிக்மீயில் முதலிட்ட, உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் போன்றவை நேரடியாக வரும்போதும் அப்படித்தான். அது சுமையாகத் தெரிந்தாலும் கணக்கு ஒழுங்காகும். பெரிய கம்பனியொன்றின் முதலீட்டுப் பிரிவு வேறு விதம்: தாய்க் கம்பனியின் தலைமை மாறினால் பிரிவே மூடப்படலாம். அவர்கள் உங்கள் கம்பனியை வாங்கும் முதலுரிமையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தால் வேறு எவரும் விலை பேச வரமாட்டார்கள்.

கொழும்புக்கே உரிய இன்னொரு நிலைமை, பாரம்பரிய வியாபாரக் குடும்பம் ஒன்று 51 சதவீதம் கேட்பது. அவர்கள் பழகிய தொழிலில் அது நியாயம். ஆனால் முதற் சுற்றிலேயே ஸ்தாபகர் பாதிக்குக் கீழே போய்விட்டால், அடுத்துவரும் வீசி தொடமாட்டார். பத்து ஆண்டு உழைக்க வேண்டியவருக்கு அதற்கான பங்கு கையில் இல்லை என்பது அவர்களின் பயம். முதற் சுற்றில் கொடுக்கும் பங்கை 15 முதல் 25 சதவீதத்துக்குள் நிற்பாட்டப் பாருங்கள்.

டேர்ம் ஷீட்டை அவர்களின் காலத்தோடு சேர்த்து வாசியுங்கள்

டேர்ம் ஷீட் என்பது முதலீட்டின் நிபந்தனைச் சுருக்கம். அதில் விலையை விட மூன்று வரிகளை நிதானமாகப் பாருங்கள்.

முதலாவது, விற்பனையில் முன்னுரிமை, அதாவது கம்பனி விலைபோகும்போது போட்ட பணத்தை மற்றவர்களுக்கு முன் எடுக்கும் உரிமை. 3 மில்லியன் டொலர் போட்டு 20 சதவீதம் வைத்திருப்பவருக்கு ஒரு மடங்கு முன்னுரிமை இருக்கிறது, கம்பனி 5 மில்லியனுக்கு விலைபோகிறது என்று வையுங்கள். பங்கின்படி அவருக்கு 1 மில்லியன். முன்னுரிமைப்படி 3 மில்லியன். அவர் மூன்றை எடுப்பார், மற்ற எல்லோருக்கும் இரண்டு. முன்னுரிமையோடு பங்கும் கேட்கும் வகையானால் அவருக்கு 3.4, மற்றவர்களுக்கு 1.6. பிந்திய ஆண்டில் இருக்கும் நிதியம் ஒன்று சிறு விலைக்கும் சம்மதித்துவிடும் என்பதன் இரகசியம் இதுதான்: அவர்கள் பணம் பத்திரமாகத் திரும்பும், உங்கள் உழைப்பு கரையும். ஒரு மடங்கு, பங்கு சேராதது என்பதே வழமையான நியாயமான வடிவம்.

இரண்டாவது, கட்டாய விற்பனை உரிமை. பெரும்பான்மை முடிவெடுத்தால் எல்லோரும் விற்க வேண்டும் என்ற வரி. அதில் ஸ்தாபகரின் சம்மதமும், ஒரு குறைந்தபட்ச விலையும், ஐந்து ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்த முடியாது என்பதும் சேரட்டும்.

மூன்றாவது, வேறு யாரோடும் பேசாதிருக்கும் காலம். 30 நாள் போதும், 60ஐத் தாண்ட விடாதீர்கள். நிதியம் இன்னும் திரட்டப்பட்டு முடியாத ஒரு நிறுவனத்தோடு இதில் கையெழுத்திட்டால், அவர்களுக்குப் பணம் வரும்வரை நீங்கள் கட்டுண்டு கிடப்பீர்கள். முடிந்த நிதியத்திலும் பணம் வங்கியில் கிடப்பதில்லை. தேவைப்படும்போது எல்பிக்களுக்கு அறிவித்து அழைப்பார்கள், வழக்கமாக 10 வேலை நாட்கள் அவகாசம். முதற் சந்திப்பிலிருந்து பணம் வரை ஆறு மாதம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். நான்கு மாதச் செலவுக்குத்தான் கையில் இருக்கிறது என்ற நிலையில் தொடங்கினால் பேரம் பேச முடியாது.

அடுத்த சுற்றுக்கு ஒதுக்கம் உண்டா என்பதையும் இங்கேயே கேளுங்கள். பெரிய நிதியம் சிறு தொகை போட்டுவிட்டு அடுத்த சுற்றில் விலகி நின்றால், “உள்ளே இருப்பவரே போடவில்லையே” என்று புதியவர்கள் பின்வாங்குவார்கள். சிறிய ஏஞ்சல் போடாவிட்டால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பணம் வரும் வழி

வெளிநாட்டவரின் முதலீடு, வங்கியில் அதற்கெனத் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வர வேண்டும். ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தப்பா பங்குக்காக அனுப்பும் தொகைக்கும் இந்தக் கேள்வி உண்டு. உங்கள் நடைமுறைக் கணக்குக்கு நேராக வாங்கிவிட்டால், பின்னர் பங்கை விற்று அவர் பணத்தை வெளியே எடுக்கும்போது சிக்கலாகும். வாங்குமுன் வங்கியில் கேளுங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பங்கு வழங்கி 20 வேலை நாட்களுக்குள் படிவம் 6ஐக் கம்பனிப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். தனியார் கம்பனியில் ஊழியர்கள் நீங்கலாகப் பங்குதாரர் 50க்கு மேற்படக்கூடாது என்பதால், சிறு சிறு தொகையாகப் பலரிடம் வாங்குவதையும் எண்ணிச் செய்யுங்கள்.

சிங்கப்பூரில் தாய்க் கம்பனி அமைக்கச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டுக் கம்பனியில் பங்கு வைத்திருப்பதற்கு 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரையறைகள் உண்டு. முதலில் சட்டத்தரணி, பிறகு பதிவு.

பணம் போடுமுன் அவர்கள் உங்கள் கம்பனியைச் சோதிக்கும் ஆய்வின்போது ஒப்பந்தம் முறிவது பெரும்பாலும் சிறு விடயங்களால்: சேமலாப நிதி நிலுவை, நண்பருக்கு வாயால் கொடுத்த பங்கு, மென்பொருளின் உரிமை கம்பனியின் பெயரில் எழுதப்படாமல் அதை எழுதிய ஃப்ரீலான்சரிடமே கிடப்பது. பார்ட்னர் உங்களை விரும்பினாலும் இவற்றைக் கண்டபின் குழுவுக்கு விளக்கம் சொல்ல அவரால் முடியாது. தேடத் தொடங்குமுன் தீர்த்துவிடுங்கள்.

பணம் வந்த பிறகு

அவர்கள் காலாண்டுக்கொரு முறை எல்பிக்களுக்கு அறிக்கை கொடுப்பார்கள். மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசெம்பர் முடிந்து 15 நாளுக்குள் உங்கள் எண்கள் போய்ச் சேரட்டும். கெட்ட செய்தியை அறிக்கையில் முதல் தடவையாகப் படிக்க விடாதீர்கள். பணிப்பாளர் சபைக் கூட்டத்துக்கு முன் தொலைபேசியில் சொல்லுங்கள்.

உங்களுக்காக வாதாடிய பார்ட்னர் விலகிவிட்டால், அந்த நிறுவனத்துக்குள் உங்கள் கம்பனி யாருடைய பொறுப்பும் அல்லாததாகிவிடும். ஒதுக்கி வைத்த பணத்தைக் கேட்டுப் பேச அங்கே ஆளிருக்காது. தொடக்கத்திலிருந்தே இன்னொரு பார்ட்னருக்கும் காலாண்டு அறிக்கையை அனுப்புங்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது அவரை நேரில் சந்தியுங்கள். விலகல் செய்தி வந்தால் ஒரு வாரத்துக்குள் நிறுவனத்தின் தலைவரிடம் போய், இனி யார் உங்கள் பணிப்பாளர் சபையில் இருப்பார், ஒதுக்கம் அப்படியே இருக்கிறதா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.